நாற்பத்திரண்டுக்கு மேலே

எடை பார்க்கிற திங்கட்கிழமை காலையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஓர் இரும்பு வளையத்தை அடிவயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் முடிச்சுப் போடச் சம்மதிக்கவில்லை. இரண்டு தடவை நழுவி மூன்றாவது தடவை முடிச்சு விழுந்தது. அதன்மேல் பனியன், பனியன்மேல் சட்டை, சட்டைமேல் மகள் வாங்கித் தந்த சாம்பல் நிற ஸ்வெட்டர். இரும்பின் குளிர்ச்சி வயிற்றில் ஏறியது. துறைமுகத்தில் ஓய்வுபெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் கொடுத்த பரிசு அது. கம்பிவடத்தையும் சரக்கையும் இணைக்கிற வளையம். மெருகேற்றித் தேதி பொறித்துக் கொடுத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அன்றைக்குச் சிரித்தார். அதன் எடை இரண்டரை கிலோ. எடை விஷயத்தில் அவருக்குத் தவறு வராது. முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். இந்த முதியோர் இல்லத்திலும் அவருக்குப் பெயர் கிரேன்காரர்தான்.

கூடத்தின் மூலையில் எடை நாற்காலி போட்டிருந்தது. சிஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி எண்ணைப் பார்த்தாள்.

"நாப்பத்தாறு புள்ளி ரெண்டு. பரவால்லையே ஐயா, போன மாசத்துக்கு நூறு கிராம் ஏறியிருக்கே."

"நல்லாத்தானே சாப்பிடுறேன்," என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சிஸ்டர் தாளில் எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வாக்கரை உருட்டிக்கொண்டு அறைக்குத் திரும்புகையில் அவருக்குள் ஒரு கசப்பான சிரிப்பு ஓடியது. துறைமுகத்தில் சரக்குக்காரர்கள் காகிதத்தில் எடையைக் குறைத்து எழுதி அனுப்புவார்கள். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியதுமே கம்பிவடம் இழுக்கிற இழுப்பில் அவருக்குத் தெரிந்துவிடும். இறக்கி வை, மறுபடி எடை போடு என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார். இப்போது அவரே ஒரு பொய்ச் சரக்கு. வந்து சேர்ந்தபோது ஐம்பத்தெட்டு கிலோ இருந்தார். எட்டு மாதம்தான் ஆகிறது.

எடை நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால், அல்லது ஒரு ஆள் துணையோடு எழுந்து நிற்க முடியாமல் போனால், மேல்மாடி. அதுதான் இல்லத்தின் ஏற்பாடு. மேல்மாடி மோசமான இடம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கீழே இருப்பதைவிட வெளிச்சம் அதிகம். துணி வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆட்களும் கூடுதல், ஊட்டிவிட ஒருத்தர், புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர். ஆனால் மேலே போனவர் யாரும் இதுவரை கீழே திரும்பி வந்ததில்லை. பக்கத்துக் கட்டில் தையல்காரர் மூன்று மாதத்துக்கு முன்னால் போனார். நாற்பத்தொன்றரை கிலோ. யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுத்து, டாக்டரின் சட்டைக்குத் தோள் ஒரு அங்குலம் இறங்கியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற மனிதர். ஒரு தடவை லிஃப்டில் ஏறிப் போய்ப் பார்த்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தார். கரண்டி வாய்க்கு அருகே வந்ததும் உதடுகளை இறுக்கிக்கொண்டார். கிரேன்காரர் போட்டிருந்த சட்டையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கிரேன்காரர் லிஃப்ட் பக்கமே போவதில்லை.

சாப்பாடு பிடிக்காமல் அவர் இளைக்கவில்லை. சமையல்காரர் கை நல்ல கை. மீன் வைக்கிற நாளில் வாசனை நடைவழி முழுக்க வரும். அவருக்கு வாயில் நீர் ஊறும். பிரச்சினை வேறு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்த பிறகு, கழிப்பறைக்குப் போக அவருக்கு ஒரு ஆள் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுப்பிவிட, உள்ளே உட்கார வைக்க, மறுபடி எழுப்ப. பகல் நேரத்தில் அந்த ஆள் பெரும்பாலும் மைக்கு என்று எல்லோரும் கூப்பிடுகிற பணிப்பெண். பருத்த உடம்பு, நாற்பத்தெட்டு வயது, யாரையும் ஒரு பூக்கூடையைப் போலத் தூக்கி வைக்கிற கை. பெயருக்கு ஏற்ற குரல். வந்த நான்காவது மாதம், பார்வையாளர்கள் நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் அவர் மெதுவாக அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் கூடத்தின் மறுமுனையில் இருந்த ஆளைப் பார்த்துச் சொன்னாள்: "ஒம்பதாம் நம்பர் ஐயாவுக்கு அவசரம். ஒரு கை பிடிங்க. போன தடவை மாதிரி பாதி வழியில ஆயிடப் போகுது."

கூடம் முழுக்கத் திரும்பியது. யாரோ வீட்டுக் குழந்தை ஒன்று சிரித்தது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். குழந்தை சிரித்ததைவிட அந்த அம்மா வாயைப் பொத்தியதுதான் அவரைக் கொன்றது.

அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அது அவருக்குப் பழகிய முடிவுதான். கிரேன் கூண்டில் உட்கார்ந்துவிட்டால் இறங்க இருபது நிமிடம், ஏற இருபது நிமிடம். கப்பல் காத்துக்கொண்டு நிற்கும். அதனால் வேலை நாளில் காலை ஆறு மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர், பிறகு இறங்கும் வரைக்கும் வாயைக் கட்டு. முப்பத்தோரு வருடம் அப்படித்தான் இருந்தார். இங்கேயும் அதையே செய்யலாம். காலையில் பாதி தம்ளர் பால். மதியம் தட்டில் பாதி. மீதியை ஓரமாக ஒதுக்கி, சாதத்தைப் பரப்பி, சாப்பிட்டதுபோலக் காட்டுவது. தண்ணீரை மாத்திரைக்கு மட்டும். மாலை ஐந்தரைக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் இரண்டு துண்டு ரொட்டி, சூப்பைத் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான் அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டும் அறையிலிருந்து, கதவைச் சாத்திய பிறகு. தன் சாமர்த்தியத்தை அவர் மெச்சிக்கொண்டார். கிரேன் கூண்டில் இருந்தபோது மாலையில் இறங்கி வயிறு முட்டச் சாப்பிடுவோம், குடம் தண்ணீர் குடிப்போம் என்பதை மட்டும் மறந்துபோனார்.

எடை பார்த்து ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையிலிருந்து வாக்கரைப் பிடித்து எழுந்தார். பாதி எழுந்ததும் முழங்கால்கள் இரண்டும் தண்ணீராகிப்போயின. கூடம் ஒரு சுற்றுச் சுற்றியது. தரையில் விழவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் அக்குளுக்குள் புகுந்து தாங்கின. மைக்கு அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து, அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலில் கிடத்திப் போர்வையை இழுத்துவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, சிஸ்டர் தாள்ல நாப்பத்தாறுன்னு போட்டிருக்கு."

"ம்."

"பதினோரு வருஷமா ஆளைத் தூக்குறேன். காலையில பத்துப் பேர், சாயங்காலம் பத்துப் பேர். நீங்க நாப்பத்து மூணுக்கு மேல ஒரு கைப்பிடி அரிசிகூட இருக்க மாட்டீங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. தூக்கிய மாத்திரத்தில் காகிதத்தின் பொய்யைக் கண்டுபிடிக்கிற கை. அந்தக் கையின் அருமை அவருக்குத் தெரியும். பொய் சொல்ல மனம் வரவில்லை. பீரோவின் கீழ்த் தட்டைக் கைகாட்டினார்.

அவள் வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "ரெண்டரை," என்றாள்.

"ரெண்டரை," என்றார் அவர்.

அன்று சாயங்காலம் மெல்லிய பருத்திச் சட்டையோடு மறுபடி எடை போட்டார்கள். நாற்பத்திரண்டு புள்ளி ஒன்பது. சிஸ்டர் திட்டவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இருக்கவில்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு மாதத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு மாசமும் என் கையெழுத்து இருக்கு ஐயா," என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய் மகளுக்குப் போன் செய்தாள்.

மகள் மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். மருந்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை; அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மேலும் கீழும் பார்த்தார். பல்லைப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொல்லித் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தபோது டாக்டரின் விரல்கள் சுலபமாக ஒன்றையொன்று தொட்டன.

"நோய் ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "சாப்பாடு உள்ள போகல. தண்ணியும் போகல. இந்த வயசுல உடம்பு முதல்ல கொழுப்பைத் தின்னாது, தசையைத் தின்னும். தசை போச்சுன்னா கால் போச்சு. பெரியவரே, ஒரு மாசம் பாக்குறேன். எடை ஏறணும். கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலியை விட்டு அஞ்சு தடவை எழுந்து உக்காரணும். இல்லன்னா மேல மாத்திடலாம். அங்க ஆள் இருக்கு, ஊட்டிவிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

இப்போது ஒரு தடவைகூட எழ முடியாது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டரும் சிஸ்டரும் போன பிறகு மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் லேசாகக் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டாள்.

"என்மேல கோவமாப்பா?"

"எதுக்கு?"

"இங்க கொண்டுவந்து விட்டதுக்கு. அதனாலதான் பட்டினி கெடக்குறீங்களா?"

"சீ. என்ன பேச்சு பேசுற பாப்பா."

"பின்ன எதுக்கு? வயித்துல இரும்பைக் கட்டிக்கிட்டு ஏமாத்துற அளவுக்கு எதுக்கு? வேற காரணம் இருந்தா சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்குறேன்."

அவர் வாயைத் திறந்தார். ஐம்பதை நெருங்குகிற மகளிடம், சிறு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் காட்டிய மகளிடம், இதை எப்படிச் சொல்வது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க முடியவில்லை. தன் வெட்கம் தன்னோடு இருக்கிறது, தன் வயிறுதான் காய்கிறது என்றுதான் இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தார். அது இவள் வீடு வரைக்கும் போய், இவள் தூக்கத்தையும் தின்று, இவள் கண்ணுக்குக் கீழே கருவளையமாக உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்த்தார்.

"வெளிய மைக்கு இருப்பா. வரச் சொல்லு," என்றார். "நீ கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வா."

மைக்கு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினாள். என்ன சொல்லப் போகிறோம் என்பதை அவர் மனதுக்குள் ஒரு தடவை ஒத்திகை பார்த்தார். அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"எனக்குப் பசி இல்லாம இல்லம்மா. தாகம் இல்லாமலும் இல்ல. சாப்பிட்டா போகணும். போகணும்னா உன்னைக் கூப்பிடணும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்னைக் கூப்பிட்டா ஊருக்கே தெரியும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"நான் அவ்வளவு சத்தமாவா பேசுறேன்?"

"மேல்மாடிக்குக் கேக்கும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "இங்க வர்றதுக்கு முன்னாடி நூல் மில்லுல இருந்தேன் ஐயா. பதினஞ்சு வருஷம். பக்கத்துல நிக்கிறவ காதுல போய்க் கத்தினாத்தான் கேக்கும். இந்த இடது காது அங்கேயே போயிடுச்சு. என் சத்தம் எனக்கே தெரியாது. மைக்குன்னு கூப்பிட்டப்ப, கிண்டல் பண்றாங்க, போகட்டும்னு விட்டுட்டேன். அதனால ஒருத்தர் தண்ணி குடிக்காமக் கெடப்பாருன்னு..." நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாமே ஐயா. உங்களுக்கு எல்லாம் செய்யுறேன். இதைச் சொல்ல முடியாத ஆளாப் போயிட்டேனா?"

"தப்பு உன்மேல இல்ல. எனக்கு வாய் வரல."

நடைவழியில் யாரோ வண்டி தள்ளிப் போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"கிரேன்ல நாங்க பேசவே மாட்டோம்," என்றார் அவர். "அந்தச் சத்தத்துல என்ன பேசி என்ன. கீழ ஒருத்தன் நிப்பான். கையைத் திருப்பிக் காட்டினா தூக்குவேன். விரலை மடக்கினா நிறுத்துவேன். நாப்பது டன்னு, ஒரு வார்த்தை கிடையாது."

அவள் தலையை நிமிர்த்தினாள். "மில்லுலயும் கைப்பேச்சுதான். ஒருத்தி கல்யாணச் சண்டை முழுக்கக் கையாலயே சொல்லி முடிச்சிருக்கா."

அங்கேயே முடிவாகிவிட்டது. இடது கையை மேசைமேல் மல்லாக்க வைத்தால் போக வேண்டும். அவள் பார்த்துவிட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். அவ்வளவுதான். மகள் திரும்பி வந்தபோது அவர் தம்ளரில் இருந்த தண்ணீரை, மாத்திரை எதுவும் இல்லாமல், முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். "உன்மேல கோவம் இல்ல. அதை மட்டும் தெரிஞ்சுக்க, போதும்," என்றார்.

சாப்பிடுவது இத்தனை கடினமான வேலை என்று அவர் எண்ணியதே இல்லை. வயிறு சுருங்கிக் கைப்பிடி அளவாகியிருந்தது. நாலு கவளம் போனதும் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. சிஸ்டர் சமையல்காரரிடம் பேசி மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தாள். காலை பத்து மணிக்கு அவித்த முட்டை. பாலில் பால்பொடி கலந்து கெட்டியாக. மாலை சூப்பில் மசித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும். படுக்கைக்கு முன்னால் வாழைப்பழமும் அரைத்த வேர்க்கடலையும், ஏனென்றால் மாலை ஐந்தரை மணியிலிருந்து மறுநாள் எட்டு மணி வரைக்கும் காலியாக விட்டால் பகலில் ஏற்றியதை இரவு இறக்கிவிடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். முதல் வாரம் பத்து மணி முட்டையை முடிக்கப் பதினொன்றே கால் ஆனது. அவர் எதிரில் உட்காருகிற கணக்கு டீச்சர், எண்பத்து நாலு வயது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "கோழி போட்ட நேரத்தைவிட நீங்க தின்னுற நேரம் ஜாஸ்தி," என்பாள். அவர் மென்றுகொண்டே இருப்பார். ஷிப்டுக்குப் போகிறவன் நேரத்துக்கு ஏறுவதுபோல, பசித்ததோ இல்லையோ, மணி அடித்ததும் மேசைக்குப் போனார்.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தைப் பின்னுக்கு இழு, மூக்கு கால்விரலைத் தாண்டட்டும், இப்போது எழு என்றாள். முதல் நாள் இரண்டு கையாலும் ஊன்றி, முகம் சிவந்து, ஒரு தடவை எழுந்தார். உட்காரும்போது தொப்பென்று விழுந்தார். "எழுறதைவிட மெதுவா உக்காருறதுதான் தசையைக் கட்டும்," என்றாள் அவள். அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. சரக்கைத் தூக்குவது யாருக்கும் வரும்; சத்தமில்லாமல் இறக்கி வைப்பதில்தான் ஆபரேட்டர் தெரிவான். அவள் வராத நாளிலும் காலை, மதியம், மாலை என்று தானே செய்தார். தொடையில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. வலி இருப்பது நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டார். வலிப்பதற்கு அங்கே ஏதோ மிச்சம் இருக்கிறதே.

இரண்டாவது வாரக் கடைசியில் அது நடந்தது. மதியச் சாப்பாடு. நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். இடது கையை மல்லாக்க வைத்தார். மைக்கு கூடத்தில் இல்லை. மேல்மாடியில் யாரையோ தூக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குப் பதில் நின்ற ஆளுக்கு அந்தக் கையின் அர்த்தம் தெரியாது. இரண்டு தடவை அவரைக் கடந்து போனாள். ஒரு தடவை, ஏதாவது வேண்டுமோ என்று அந்தக் கையில் ஒரு துண்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள். வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பத்து நிமிடத்துக்குப் பிறகு கூப்பிடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. நாற்காலிக்கு அடியில் தரை நனைந்தது.

மறுநாள் காலையில் பால் தம்ளர் அப்படியே ஆடை படர்ந்து இருந்தது. பத்து மணி முட்டையும் அப்படியே. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மைக்கு வந்து நின்றாள், போனாள், மறுபடி வந்தாள். அவள் சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை. பதினோரு மணிக்குக் கணக்கு டீச்சர் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அவர் அறை வாசலுக்கு வந்தாள்.

"என்ன கிரேன்காரரே, ஸ்ட்ரைக்கா?"

அவர் திரும்பவில்லை.

"நேத்து நடந்ததுக்கா? எனக்கு மூணு வருஷமா டயாப்பர். நீங்க அப்படி என்ன புதுசா பண்ணிட்டீங்க?"

அவள் தொடர்ந்தாள். "நானும் உங்களை மாதிரிதான் தண்ணி குடிக்காம இருந்து பாத்தேன். கிட்னியில கொண்டுபோய் விட்டுச்சு. பதினாறு நாள் ஆஸ்பத்திரி. அப்ப என்கிட்ட வந்து சொல்ல ஒருத்தரும் இல்ல. வகுப்புல அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில அடக்கினவ நான். அதெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேன். போகல. இன்னும் என்னைப் பாத்தா உங்களுக்குப் பயமாத்தானே இருக்கு?"

சுவரைப் பார்த்தபடியே அவர் சிரித்துவிட்டார். உடம்பு குலுங்கியது. பிறகு கையை ஊன்றித் திரும்பி உட்கார்ந்தார்.

"முட்டை ஆறிப்போச்சு," என்றார்.

"தெரியும். அப்படியே சாப்பிடுங்க."

சாப்பிட்டார். அன்று மதியம் சிஸ்டரைக் கூப்பிட்டு, தானே வாயைத் திறந்து, எல்லா ஆட்களுக்கும் அந்தக் கைச்சாடையைச் சொல்லிவைக்கச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்காமல், அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். சிஸ்டர் எழுதிக்கொண்டாள். ஷிப்ட் மாறும்போது படித்துக் காட்டினாள். அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கணக்கு டீச்சரின் கை மல்லாந்திருந்தது. மூலை மேசையில் எப்போதும் பேசாத ஒரு பெரியவரின் கையும். ஜன்னலோரம் இன்னொரு அம்மாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பரிமாறுகிற ஆட்கள் சத்தமில்லாமல் ஒவ்வொருவராக வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மேசைமேல் வைக்கிற தண்ணீர் ஜாடிகளை இப்போதெல்லாம் இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருக்கிறது என்று சமையல்காரர் முணுமுணுத்தார்.

மாதம் முடிந்து டாக்டர் வந்த அன்று வெயில் கூடத்தின் பாதி வரைக்கும் வந்திருந்தது. மகள் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவர் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சட்டையையும் கழற்றினார். பனியனும் வேட்டியுமாக எடை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாப்பத்து மூணு புள்ளி எட்டு," என்று படித்தாள் சிஸ்டர். தானே ஒரு தடவை குனிந்து மறுபடி பார்த்துக்கொண்டாள்.

"தொள்ளாயிரம் கிராம். ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "நான் எதிர்பாத்ததைவிடக் கொஞ்சம் கம்மிதான், ஆனா ஏறியிருக்கு. கால் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

சாதாரண நாற்காலி ஒன்றைச் சுவரோரம் நகர்த்திப் போட்டார்கள். கைப்பிடி இல்லாதது. அவர் உட்கார்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டார். விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட்டன. மைக்கு ஒரு எட்டுத் தள்ளி, தாங்குகிற தூரத்தில், கையைக் கட்டாமல் நின்றாள்.

முதல் தடவை சுலபமாகவே வந்தது. மகள் மூச்சை விடுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை கழுத்து நரம்பு புடைத்தது. உட்காரும்போது அவசரப்படவில்லை, கண்ணுக்குத் தெரியாத எதையோ உடையாமல் இறக்கி வைப்பதுபோல உட்கார்ந்தார். மூன்றாவதில் இடது முழங்கால் உள்பக்கமாக ஆடியது. மைக்குவின் கை தன்னாலே முன்னே வந்து நின்றது. அவர் தலையை ஆட்டினார். கை பின்னால் போயிற்று. நான்காவது தடவை பாதியில் நின்றது. ஒரு கணம் அப்படியே, மேலும் இல்லை கீழும் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒரு உந்தலில் எழுந்தார். உட்கார்ந்தபோது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உதட்டோரம் வெளுத்திருந்தது.

டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தபடி தாளைப் பார்த்தார். "போதும் பெரியவரே. நாலு வந்திருக்கு. மீதியைப் பாத்துக்கலாம்."

"என்ன எழுதப் போறீங்க?"

"யோசிக்கணும். ரொம்ப சிரமப்படுறீங்க."

"எழுதாதீங்க," என்றார் அவர். "அஞ்சு சொன்னீங்க. இருங்க."

"அப்பா, போதும்ப்பா," என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் கட்டிய கைகள் தோள்களை இறுகப் பிடித்துக்கொண்டன. மூச்சு ஒரு நிலைக்கு வரும் வரைக்கும் காத்திருந்தார். வெயில் அவர் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கால்விரல்கள் பத்தும் விரிந்து தரையைப் பற்றின. தலை முன்னே சாய்ந்தது, மூக்கு விரல்களைத் தாண்டியது, தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கின. டாக்டரின் பேனா தாளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நாற்காலிப் பலகைக்கும் அவருக்கும் நடுவே இரண்டு விரல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.